சிப்பியும் ஸ்ப்ரூஸும்: கிதாரின் அலங்காரம் குறித்துச் சில வரலாற்றுக் குறிப்புகள்

விலை உயர்ந்த கிதார் உண்மையிலேயே நன்றாக ஒலிக்கிறதா? இசைக்கருவி விற்பவரிடம் கேட்டால் ஒரு விடை கிடைக்கும். அதே கருவியை வாங்க வசதியற்ற கலைஞரிடம் கேட்டால் வேறொரு விடை கிடைக்கும். இரண்டிலும் கேட்பவரின் செவியைக் காட்டிலும் சொல்பவரின் நிலையே அதிகம் பேசுகிறது. இந்தக் கேள்வியை ரசனையின் பொறுப்பில் விட்டுவிட்டால் அது ஒருநாளும் தீராது. வரலாற்றின் பொறுப்பில் விட்டால் ஓரளவு தெளிவு கிடைக்கும் என்று தோன்றுகிறது. ஏனெனில் கிதாரின் ஐந்நூறு ஆண்டு வரலாற்றில் அலங்காரமும் ஒலியும் சில இடங்களில் தற்செயலாகவே தனித்தனியாகப் பிரிந்து நின்றிருக்கின்றன. அவ்விடங்களில் நின்று பார்த்தால், எது எதற்குக் காரணம் என்பதைப் பிரித்தறிய முடிகிறது.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். இங்கே பேசப்படுவது மின்கருவி அன்று. மரப்பெட்டியின் அதிர்வினால் மட்டுமே ஒலிக்கும் கிதார். அதன் விலைக்குள் இரண்டு வேறு செலவுகள் கலந்திருக்கின்றன. ஒன்று ஒலிக்கும் பாகங்களுக்கான மரமும் உழைப்பும். மற்றது கண்ணுக்கான சிப்பி, தந்தம், வேலைப்பாடு. வாங்குபவர் ஒரே தொகையாகக் கொடுப்பதால் இரண்டையும் ஒன்றெனவே எண்ணிவிடுகிறார்.

*

பதினேழாம் நூற்றாண்டு ஐரோப்பா கிதாரை நகையாக நடத்திய காலம். பாரிசில் வொபோம் குடும்பத்தினர், வெனிசில் செல்லாஸ் குடும்பத்தினர், ஹாம்பர்கில் யோவாகிம் டீல்கெ ஆகியோர் செய்த கருவிகள் இன்று அருங்காட்சியகங்களின் கண்ணாடிப் பேழைகளுக்குள் இருக்கின்றன. கருங்காலிக் கீற்றும் தந்தக் கீற்றும் மாறிமாறி ஒட்டப்பட்ட பின்பலகைகள், ஆமையோடு போர்த்திய கழுத்துகள், ஓரமெங்கும் முத்துச்சிப்பி, ஒலித்துளைக்குள் அடுக்கடுக்காக இறங்கும் தோற்காகிதப் பூவேலை. பதினான்காம் லூயி மன்னரே கிதார் வாசித்தவர். பிரான்செஸ்கோ கொர்பெட்டா, ரோபேர் த விசே போன்ற வித்வான்கள் அவருடைய அவையைச் சூழ்ந்திருந்த காலம் அது. கிதார் அரசவையில் நுழைந்தபோது அதற்கு அரசவைக்குரிய ஆடை அணிவிக்கப்பட்டது.

இக்கருவிகளைக் கூர்ந்து பார்த்தால் ஒரு செய்தி புலப்படுகிறது. அலங்காரம் எங்கே நெருக்கமாக இருக்கிறது? பின்பலகையில், பக்கங்களில், கழுத்தில், விளிம்புகளில். பாலத்தைச் சுற்றிலும் உள்ள பரப்பு, அதாவது தந்தியின் அதிர்வை வாங்கிக் காற்றிடம் ஒப்படைக்கும் மேற்பலகையின் நடுப்பகுதி, பெரும்பாலும் வெறும் ஸ்ப்ரூஸ் மரமாகவே விடப்பட்டிருக்கிறது. மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமனுள்ள அந்தப் பலகையின்மேல் சிப்பியையும் தந்தத்தையும் ஒட்டினால் குரல் அடங்கிவிடும் என்பதை அக்கைவினைஞர்கள் அறிந்திருந்தார்கள். மன்னனுக்காக எதையும் இழைக்கத் தயாராக இருந்தவர்கள் அந்த ஒரு பரப்பில் மட்டும் கையைக் கட்டிக்கொண்டார்கள். அலங்காரம் ஒலிக்கு உதவுமா என்ற கேள்விக்கு அவர்கள் எழுதாமல் எழுதி வைத்த விடை இதுவே.

அப்படியானால் ‘பழைய கிதார்கள் எல்லாம் இப்படித்தான் ஆடம்பரமாக இருந்தன’ என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? எஞ்சியவை அவையே என்பதனால் வந்தது. மதுக்கடையிலும் நாவிதர் கடையிலும் தெருமுனையிலும் ஒலித்த எளிய கருவிகள் வாசித்தே தேய்ந்தன. உடைந்தபின் அடுப்பைச் சேர்ந்தன. தந்தம் இழைத்தவை பிரபுக்களின் மாளிகைகளில் பாதுகாக்கப்பட்டன. அவற்றிலும் பல பிற்காலத்தில் ஆறு தந்திகளுக்கு ஏற்பத் திருத்தப்பட்டன. எனவே அவற்றின் அழகு நமக்கு வந்து சேர்ந்திருக்கிறதே தவிர, அவற்றின் அன்றைய குரல் முழுமையாக வந்து சேரவில்லை. வரலாறு கண்ணுக்கு இனியதைக் காப்பாற்றும் அளவுக்குக் காதுக்கு இனியதைக் காப்பாற்றுவதில்லை. வயலின்களால் உலகப்புகழ் பெற்ற ஸ்ட்ராடிவாரி சில கிதார்களும் செய்தார். 1688ஆம் ஆண்டுக்குரிய ஒன்று ஆக்ஸ்போர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் உள்ளது. டீல்கெயின் கருவிகளுக்குப் பக்கத்தில் வைத்தால் அது ஏறக்குறைய துறவியின் கோலம்.

*

இந்தக் கேள்வியை முதன்முதலாக ஒரு சோதனையாகவே மாற்றியவர் ஸ்பெயினைச் சேர்ந்த அந்தோனியோ தெ தோரெஸ் (1817–1892). தச்சராகத் தொழிலைத் தொடங்கியவர். இன்று நாம் செவ்வியல் கிதார் என்று அழைக்கும் வடிவத்தின் தந்தை என்று கருதப்படுபவர். 1858இல் செவில் நகரக் கண்காட்சியில் பரிசு பெற்ற அவருடைய கருவி வேலைப்பாடு மிகுந்தது. அலங்காரத்தில் அவருக்குக் கைத்திறன் குறைவு என்று யாரும் சொல்லிவிட முடியாது.

அதே தோரெஸ் 1862இல் ஒரு விசித்திரமான கிதாரைச் செய்தார். மேற்பலகை நல்ல ஸ்ப்ரூஸ். அதன் அடியில் விசிறிபோல் விரிந்த மெல்லிய தாங்குகட்டைகள். பின்பலகையும் பக்கங்களுமோ காகித அட்டை! ஒலியைத் தீர்மானிப்பது மேற்பலகையே என்ற தன் கருத்தை நிலைநாட்டவே அவர் இதைச் செய்தார். அந்தக் கருவி இன்று பார்சிலோனாவின் இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வாசிக்கும் நிலையில் இல்லை. ஆனால் அதன் ஒலியைக் கேட்டவர்கள் அதை மதிப்புடன் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். அட்டைப்பெட்டி கிதார், ஈட்டி மரக் கிதாருக்கு முற்றிலும் நிகர் என்று அதிலிருந்து முடிவுகட்டிவிட முடியாது. ஆயினும், விலையின் பெரும்பகுதியை விழுங்கும் பின்பலகை மரம் ஒலியின் பெரும்பகுதியைத் தருவதில்லை என்ற அளவுக்கு அந்தச் சோதனை வெற்றிபெற்றது.

தோரெஸின் மற்றக் கருவிகளும் இதையே சொல்கின்றன. வசதி குறைந்தவர்களுக்காக அவர் செய்த கிதார்களில் பின்பலகை பல துண்டுகளை ஒட்டியதாக இருக்கும். மரம் உள்ளூரில் கிடைத்த சைப்ரஸாக இருக்கும். ஓரவேலை ஓரிரு கோடுகளோடு முடிந்துவிடும். சைப்ரஸ் மலிவான மரம். அதனாலேயே அது அந்தலூசிய எளியவர்களின் கிதாருக்கு மரமாயிற்று. பின்னர் ஃபிளமெங்கோ இசைக்கு அந்த மரத்தின் வெடிப்பான, உடனே எழுந்து உடனே அடங்கும் ஒலியே இலக்கணமாகவும் ஆயிற்று. ஏழ்மை காரணமாகத் தேர்ந்த மரம் ஓர் இசைமரபின் குரலாக மாறியது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

*

அலங்காரமும் விலையும் ஒன்றோடொன்று எப்படிப் பிணைக்கப்பட்டன என்பதை அறிய அமெரிக்காவுக்குச் செல்ல வேண்டும். கிறிஸ்டியன் ஃபிரெடெரிக் மார்ட்டின் 1796இல் சாக்சனியின் மார்க்நொய்கிர்கென் ஊரில் பிறந்தவர். வியன்னாவில் யோஹான் கியோர்க் ஸ்டவ்ஃபரிடம் தொழில் கற்றவர். அந்த ஊரில் அப்போது ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. மார்ட்டின் குடும்பம் மரப்பேழை செய்வோர் சங்கத்தைச் சேர்ந்தது. கிதார் செய்யும் உரிமை எங்களுடையது, பேழை செய்பவர்கள் வெறும் தச்சர்கள் என்று வயலின் செய்வோர் சங்கம் வாதிட்டது. தீர்ப்பு தச்சர்கள் பக்கமே சாய்ந்தது. ஆயினும் சங்கச் சண்டையில் சலித்த மார்ட்டின் 1833இல் நியூயார்க்கில் குடியேறினார். சில ஆண்டுகளில் பென்சில்வேனியாவின் நாசரேத்துக்கு இடம்பெயர்ந்தார்.

அமெரிக்காவில் அவர் செய்த தொடக்ககாலக் கருவிகள் ஸ்டவ்ஃபரின் வழியில் ஒப்பனை மிகுந்தவை. ஆண்டுகள் செல்லச் செல்ல ஒப்பனை குறைந்தது. அதே வேளையில் மேற்பலகையின் அடியில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், பெருக்கல் குறி வடிவத்தில் குறுக்கிட்டுச் செல்லும் தாங்குகட்டை அமைப்பு 1840களில் உருவாயிற்று. பிற்காலத்தில் எஃகுத் தந்தியின் இழுப்பைத் தாங்கும் கிதார்களுக்கெல்லாம் அந்த அமைப்பே அடிப்படை. கடையில் நின்று பார்ப்பவருக்கு அது தெரியாது. தெரிந்தது எண் மட்டுமே. 18, 28, 42, 45 என மார்ட்டின் கருவிகளின் ‘பாணி’ எண்கள் ஏறின. தொடக்கத்தில் இவ்வெண்கள் டாலர் விலையோடு தொடர்புடையவை. எண் ஏறினால் ஒப்பனை ஏறும்.

இனி, வரலாறு நமக்கு அளித்த மிகச்சிறந்த ஒப்பீட்டுக்கு வருவோம். மார்ட்டின் நிறுவனம் 1931இல் ‘டிரெட்நாட்’ என்ற பெரிய உடலுள்ள கிதாரைத் தன் பெயரில் வெளியிட்டது. 1906ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் போர்க்கப்பலின் பெயர் அது. 1930களில் இதில் மூன்று வகைகள் விற்றன. டி-18: மஹாகனி உடல், மிக எளிய ஓரம். டி-28: பிரேசில் ரோஸ்வுட் உடல், மீன்முள் வடிவ ஓரவரி. டி-45: அதே பிரேசில் ரோஸ்வுட் உடல், விளிம்பெங்கும் அபலோன் சிப்பி. மூன்றிலும் உடலின் அளவு ஒன்று. மேற்பலகை மரம் ஒன்று. தாங்குகட்டை அமைப்பு ஒன்று. டி-28க்கும் டி-45க்கும் இடையே ஒலியோடு தொடர்புடைய வேறுபாடு என்று எடுத்துச்சொல்ல ஏறக்குறைய எதுவுமில்லை. வேறுபாடு சிப்பி. விலையோ பெருமளவு அதிகம்.

டி-45 பிறந்த கதையும் பொருத்தமானதே. 1933இல் அதை முதன்முதலாகச் செய்வித்தவர் ஜீன் ஆட்ரி. பின்னாளில் பாடும் மாட்டிடையராகத் திரையில் கொடிகட்டிப் பறந்தவர். விரற்பலகை நெடுக அவர் பெயரே சிப்பியில் பதிக்கப்பட்டது. ஒலிவாங்கிக்கு அந்தப் பெயர் கேட்காது; கூட்டத்தின் கடைசி வரிசைக்கும் படக்கருவிக்கும் தெரியும். கிப்சன் நிறுவனம் 1937–38இல் ரே விட்லி போன்ற திரைப் பாடகர்களுக்காகச் செய்த பேருடல் கிதாரும், மீசை போன்ற பாலமும் பூவேலை கொண்ட தகடுமாக, அதே தேவையை நிறைவேற்றியது. லூயியின் அவைக்கு வொபோம் செய்ததை ஹாலிவுட்டுக்கு இவர்கள் செய்தார்கள். போருக்குமுன் தொடங்கி 1942 வரை செய்யப்பட்ட டி-45கள் 91 மட்டுமே. இன்று அவை எட்டாத விலைக்குப் போகின்றன. அந்த விலை அரிதான பொருளின் விலை. அதே பட்டறையில், அதே கைகளால், அதே மரத்தில் செய்யப்பட்ட டி-28களையும் டி-18களையும் புளூகிராஸ் இசைக்கலைஞர்கள் தங்கள் செவியை நம்பித் தேர்ந்தெடுத்தார்கள்.

*

மீன்முள் ஓரவரியின் கதை இன்னும் நுட்பமானது. அந்த ஒப்பனைப் பட்டை ஜெர்மனியிலிருந்து வந்துகொண்டிருந்தது. போரினால் வரத்து நின்றது. கையிருப்புத் தீர்ந்ததும், 1947 வாக்கில், டி-28 சாதாரண வெள்ளை ஓரத்துக்கு மாறியது. பிற்கால இசைக்கலைஞர்கள் பழைய கருவிகளை ஒப்பிட்டபோது, மீன்முள் ஓரம் உள்ளவை ஆழமாகவும் திறந்த குரலிலும் ஒலிப்பதைக் கண்டார்கள். ‘ஹெர்ரிங்போன்’ என்ற சொல்லே நல்ல ஒலிக்கு மறுபெயர் ஆயிற்று.

உண்மைக் காரணம் வேறு. அதுவரை மேற்பலகையின் தாங்குகட்டைகள் நடுவில் குழிவாகச் செதுக்கப்பட்டு எடை குறைக்கப்பட்டிருந்தன. வாங்குபவர்கள் தடித்த தந்திகளைப் பூட்டியதால் பலகைகள் பழுதாகித் திரும்பி வந்தன. எனவே 1944இன் பிற்பகுதியில் நிறுவனம் அந்தச் செதுக்கலைக் கைவிட்டது. பலகை உறுதியானது, குரல் இறுகியது. செதுக்கல் நின்றதற்கும் ஓரவரி நின்றதற்கும் இடையே சுமார் இரண்டு ஆண்டுகளே இடைவெளி. அந்த இடைக்காலத்தில் செய்யப்பட்ட டி-28களில் மீன்முள் ஓரம் உண்டு, செதுக்கல் இல்லை. ஓரவரியைப் பார்த்து ஒலியைக் கணிப்பவரை அவை அமைதியாகப் பொய்யாக்குகின்றன.

1976இல் மார்ட்டின் செதுக்கிய தாங்குகட்டைகளை மீண்டும் கொண்டுவந்தபோது மீன்முள் ஓரத்தையும் சேர்த்தே கொண்டுவந்தது. அந்தக் கருவிக்கு எச்டி-28 என்று பெயர். அதிலுள்ள ‘எச்’ ஹெர்ரிங்போனைக் குறிக்கிறது. மாறியது குரல், பெயர் சூட்டப்பட்டதோ ஓரத்துக்கு! ஒலிக்கான காரணம் பெட்டிக்குள் இருளில் கிடக்க, புகழ் முழுவதும் வெளிச்சத்தில் இருந்த கோட்டுக்குப் போய்ச் சேர்ந்ததை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று வேறு இல்லை.

*

மறுபக்கமும் உண்டு. மலிவான கருவிகளில் பிறந்த இசை. ஆஸ்கர் ஷ்மிட் நிறுவனத்தின் ஸ்டெல்லா கிதார்கள் ஏழைகளுக்கானவை. ஏணிப்படிபோல் குறுக்கே மட்டும் போகும் எளிய தாங்குகட்டைகள், சிப்பிக்குப் பதிலாக ஒட்டுப்படங்கள். லெட் பெல்லியும் பிளைண்ட் வில்லி மெக்டெல்லும் பன்னிரண்டு தந்தி ஸ்டெல்லாவில் வாசித்தார்கள். அந்தக் கரகரப்பான ஒலியை இன்று வேண்டி, பழைய மலிவு முறையிலேயே புதிதாகச் செய்வித்து, அதிக விலை கொடுத்து வாங்குகிறார்கள்.

கிப்சனின் ஜே-45 1942இல் 45 டாலருக்கு அறிமுகமானது. போர்க்காலப் பொருள் தட்டுப்பாடு; மிச்சாகன் மாநிலத்துக் கலமசூ தொழிற்சாலையில் ஆண்கள் போருக்குச் சென்றுவிட, பெண்களே பெருமளவில் கருவிகளைச் செய்தார்கள். மரத்தின் நிற வேறுபாட்டை மறைக்க ஓரம் கருத்து நடுவில் வெளிறும் வண்ணப்பூச்சு உதவியது. அந்தப் போர்க்காலக் கருவிகள் இன்று மிகவும் விரும்பித் தேடப்படுகின்றன. பாரிசில் 1932 முதல் 1952 வரை செல்மர் நிறுவனம் விற்ற, மாரியோ மக்காஃபெர்ரி வடிவமைத்த கிதார்களின் பின்பலகை ஒட்டுப்பலகையே. ஜாங்கோ ரைன்ஹார்ட் அதில்தான் வாசித்தார். 1995இல் பாப் டெய்லர், சரக்கு ஏற்றும் பலகைச்சட்டத்தின் கழிவு மரத்தில் ஒரு கிதார் செய்து கண்காட்சியில் வைத்தார். ஆணித்துளைகளை உலோகத்தால் அடைத்து மறைக்காமல் காட்டினார். கேட்டவர்கள் வியந்தார்கள். பின்பு நடந்ததே வேடிக்கை. சில ஆண்டுகள் கழித்து அதே வடிவம் குறைந்த எண்ணிக்கையில் விற்பனைக்கு வந்தபோது, ஆணித்துளையே அலங்காரமாகவும் விலைக்குக் காரணமாகவும் ஆகிவிட்டது.

*

அறிவியலின் பங்கு இதில் சுருக்கமானது. தந்தி தானாகக் காற்றை அதிகம் அசைப்பதில்லை. அது பாலத்தின் வழியே மேற்பலகையை அசைக்கிறது. பலகை காற்றை அசைக்கிறது. பெட்டிக்குள் அடைபட்ட காற்று ஒலித்துளை வழியாக நொடிக்குச் சுமார் நூறு முறை என்ற அளவில் மூச்சுவிட்டு, தாழ்ந்த சுரங்களுக்கு உடல் தருகிறது. பலகையின் விளிம்பு பக்கங்களோடு ஒட்டப்பட்டிருப்பதால் அங்கே அசைவு மிகக் குறைவு. சிப்பி பதிக்கப்படுவதோ அங்கேதான். அதனால் அது ஒலியைக் கெடுப்பதும் இல்லை, வளர்ப்பதும் இல்லை.

பின்பலகை மரத்தைப் பற்றி 2018இல் இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு முடிவை வெளியிட்டார்கள். கிதார் செய்பவரான ரோஜர் பக்னால், பின்பலகையும் பக்கங்களும் தவிர மற்றெல்லாம் ஒத்த ஆறு கிதார்களைச் செய்து கொடுத்தார். பிரேசில் ரோஸ்வுட், இந்திய ரோஸ்வுட், மஹாகனி, மேப்பிள், சப்பேலி, வால்நட் என ஆறு மரங்கள். 52 கிதார் கலைஞர்கள், மங்கிய வெளிச்சத்தில் கருங்கண்ணாடி அணிந்து, எந்த மரம் என்று அறியாமல் வாசித்தார்கள். மதிப்பெண்கள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தன. ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிரித்தறிவதும் கடினமாக இருந்தது. ஒரே கைவினைஞர், ஒரே வடிவம் என்ற எல்லைக்குள் நடந்த ஆய்வு இது. மேற்பலகையைப் பற்றி இது எதுவும் சொல்லவில்லை. ஆனாலும் தோரெஸ் அட்டையால் சொன்னதற்கு 156 ஆண்டுகள் கழித்துக் கிடைத்த வழிமொழிதலாக இதைக் கொள்ளலாம்.

அப்படியென்றால் விலைக்குப் பொருளே இல்லையா? இருக்கிறது. ஒட்டுப்பலகையாலான மேற்பலகைக்கும் ஒரே மரத்தை அறுத்தெடுத்த மேற்பலகைக்கும் உள்ள வேறுபாட்டைப் பலரும் உணர முடியும். மலிவான கருவி பழுதாகித் திரும்பி வரக்கூடாது என்பதற்காகத் தடிமனாகச் செய்யப்படுகிறது. கனமான மெருகு பூசப்படுகிறது. நல்ல கைவினைஞர் ஒவ்வொரு பலகையையும் தட்டிக்கேட்டு, வளைத்துப்பார்த்து, அதற்கேற்பச் செதுக்குகிறார். அந்த நேரத்துக்கும் அறிவுக்கும் கொடுக்கும் பணம் ஒலிக்குக் கொடுக்கும் பணமே. அந்தப் படி கடந்தபின் ஏறும் விலையே மெல்லமெல்லக் கண்ணுக்கும், அரிய மரத்துக்கும், பெயருக்கும் போகிறது. முற்காலத்தில் நுண்ணிய இழைப்பு வேலை, செய்தவரின் கை எத்தகையது என்பதற்காவது சாட்சியாக இருந்தது. இன்று கணினி இயக்கும் கருவிகள் சிப்பியை நொடியில் வெட்டித் தருவதால், மலிவுக் கிதார்களிலும் கொடியும் பூவும் படர்கின்றன. அந்தச் சாட்சியும் போய்விட்டது.

*

இந்த மயக்கத்துக்கு ஒரு விலை உண்டு. அதைக் காடுகள் கொடுத்திருக்கின்றன. நல்ல கிதார் என்றால் பிரேசில் ரோஸ்வுட் என்ற நம்பிக்கையும் மேசை நாற்காலிகளுக்கான வேட்கையும் சேர்ந்து அந்த மரத்தை அழிவின் விளிம்புக்குக் கொண்டுவந்தன. 1960களின் பிற்பகுதியில் பிரேசில் கட்டைகளின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது. 1992இல் அழிந்துவரும் உயிரினங்களின் வணிகம் பற்றிய பன்னாட்டு உடன்படிக்கையின் மிகக் கடுமையான பட்டியலில் அது சேர்க்கப்பட்டது. மார்ட்டின் 1969இலேயே இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியிருந்தது. அது வேறெதுவுமில்லை; நீலகிரியிலும் வயநாட்டிலும் குடகிலும் வளரும் நம் ஈட்டி, தோதகத்தி. மேற்குத் தொடர்ச்சி மலையின் மரம் அரை நூற்றாண்டுக்கும் மேலாக நாசரேத் பட்டறையின் பின்பலகையாக இருந்துவருகிறது. மாற்றம் நிகழ்ந்தபோது முணுமுணுத்தவர்கள் உண்டு. கருங்கண்ணாடி அணிந்த 52 பேரோ இரண்டையும் ஏறக்குறைய ஒன்றாகவே மதித்தார்கள். இப்போது ஈட்டியும் அருகிவரும் மரங்களின் பட்டியலில் இருக்கிறது. செவி கேட்டறியாத ஒரு வேறுபாட்டுக்காக இன்னொரு காட்டையும் இழக்க வேண்டுமா என்பது இசைக்கு வெளியே உள்ள கேள்வி அன்று.

அலங்காரத்தை இகழ்வதற்காக இவ்வளவும் சொல்லப்படவில்லை. அழகிய கருவி கையில் இருக்கும்போது கலைஞன் கூடுதல் நேரம் வாசிக்கிறான் என்றால் சிப்பியும் தன் பங்கை ஆற்றிவிட்டது. ஆனால் அதைச் சிப்பியின் பங்கு என்றே அறிந்து பெற்றுக்கொள்ள வேண்டும். தோரெஸ் பேரலங்காரத்தையும் செய்தார், அட்டைப்பெட்டியையும் செய்தார். இரண்டிலும் அவர் உளியை மிகக் கவனமாக நகர்த்திய இடம் ஒன்றே. அது மேற்பலகையின் அடிப்புறம். யாரும் பார்க்காத இடம்.